சம்புவராயருக்கு வந்த பாடு

என் புருஷன் நீலமேகம் இருபது வருஷமாக ராஜா. ஆடி மாசத்தில் மட்டும். மற்ற மாசங்களில் அவர் ஏரியில் வலை போடுவார், நான் அந்த மீனைப் பழவேற்காடு சந்தையில் கூறு கட்டி விற்பேன். ஆடி பிறந்துவிட்டால் மனுஷனுக்கு நடையே மாறிவிடும். செருப்பைக் கழற்றுவதில்கூட ஒரு மிடுக்கு வந்துவிடும்.

"தேவி, அந்தப்புரத்தில் வஞ்சிர மணம் கமழ்கிறதே! கொணர்க!" என்பார்.

அந்தப்புரம் என்று அவர் சொல்வது தகரக் கூரை போட்ட எங்கள் சமையலறையை. வஞ்சிரம் என்பது விற்காமல் திரும்பி வந்த கெழங்கான்.

"கொணர்றேன், மொதல்ல அந்தத் தண்ணி கொடத்த எறக்கி வை" என்பேன்.

ராஜா குடத்தை இறக்கி வைப்பார். ஆனால் அதையும் சிங்காசனத்திலிருந்து இறங்குகிற மாதிரிதான் செய்வார். இந்தக் கூத்து ஒரு மாசம் முழுக்க நடக்கும். எத்தனை பெண்களுக்கு இப்படி ஒரு வேதனை இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் குப்பத்துக் கங்கையம்மன் திருவிழா நாடகம். ஊர் ஊருக்கு ராமர், அர்ச்சுனன் என்று போடுவார்கள். எங்கள் ஊரில் சம்புவராயர் நாடகம். அந்தச் சம்புவராயர்கள் சோழர்களுக்குக் கீழே கைகட்டி நின்றவர்களாம். சோழர்கள் சாய்ந்ததும் இவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, இனி நாங்களே ராஜா என்று சொல்லிப் படைவீட்டிலிருந்து சில தலைமுறை ஆண்டார்களாம். அப்புறம் விஜயநகரத்திலிருந்து குமார கம்பணன் பெரும்படையோடு வந்து அடித்துப் போட்டுவிட்டான். வம்சம் அதோடு சரி. என் மாமனாருக்கு அப்பா நாடகக் கம்பெனியில் கொஞ்ச நாள் இருந்தவர். அவர்தான் இதை எங்கள் ஊருக்கென்று எழுதினார். எழுதியவரே ராஜா வேஷமும் கட்டினார். அவருக்குப் பிறகு என் மாமனார், அவருக்குப் பிறகு என் புருஷன். படைவீட்டு வம்சம் அழிந்தாலும் எங்கள் வீட்டு வம்சம் அழியவில்லை.

நாடகத்தின் முதல் பாதி வம்சத்தின் எழுச்சி. அதைப் பார்க்க ஆளே வராது. பாயை விரித்து இடம் பிடித்துவிட்டு எல்லாரும் வடை தின்னப் போய்விடுவார்கள். இரண்டாம் பாதி வீழ்ச்சி. அதற்குத்தான் கூட்டம். பக்கத்து ஊர் தோணிரேவிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். இவர் வெட்டுப்பட்டு விழுவதைப் பார்த்து, பார்த்த சாவையே மறுபடி பார்த்து, மூக்கைச் சிந்திக்கொண்டு போவார்கள். ராஜா விழுந்து, திரை போட்டு, அம்மனுக்குக் கற்பூரம் காட்டின பிறகுதான் காப்பு அவிழ்ப்பார்கள். காப்பு அவிழாமல் எங்கள் ஊரில் ஒரு தோணிகூடத் தண்ணீரில் இறங்காது. எங்கள் சாதிக்கு இரவெல்லாம் ஏரியில் வேலை என்பதால் நாடகம் பட்டப்பகலில்தான் நடக்கும்.

போன ஆடிக்கு முன்னால் நடந்த ஊர்க்கூட்டத்தில் பச்சைமுத்து எழுந்து நின்றார். அவர்தான் வருஷா வருஷம் கம்பணன் வேஷம் போடுகிறவர்.

"இன்னா நியாயம் இது? வருசா வருசம் ஜெயிக்கிறது நானு. கோயில்ல மொத மாலையும் பரிவட்டமும் வாங்கறது தோத்துப் போனவனா? எவனாவது கேட்டா சிரிப்பான்!"

ராஜா வேஷக்காரருக்குத்தான் முதல் மரியாதை என்பது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். பச்சைமுத்து கேட்டதும் நாலு பேர் ஆமாம் போட்டார்கள். அந்த நாலு பேருக்கும் மாலை ஆசை. கூச்சல் ஏறியது. தலைவர் தனக்கோடி கையைத் தூக்கினார்.

"எதுக்கு இவ்ளோ பேஜாரு? ராஜாவையும் பாட்டுல போட்ருவோம்."

தனக்கோடிக்கு எந்த வியாதிக்கும் ஒரே மருந்துதான், பாடு. ஏரியில் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஏறி வருகிற இடம் ஒன்று இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் அங்கே வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் கல்யாணமான ஆம்பளைகள் பேரையெல்லாம் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறோம். அதுதான் பாடு. பாடு வந்தவன் ஒரு சூரிய உதயத்திலிருந்து மறு உதயம்வரை அந்த இடத்துக்கு முழு எஜமான். அவனை அங்கிருந்து கிளப்ப மந்திரியாலும் ஆகாது. அவனாக மனசு வந்து இன்னொருத்தனுக்குக் கொடுத்தால்தான் உண்டு. இந்த முறையைத் தனக்கோடி தெருக்குழாய்க்குக் கொண்டுவந்தார், அப்புறம் ரேடியோ செட்டுக்குக் கொண்டுவந்தார். இப்போது சிங்காசனத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்.

எல்லாரும் என் புருஷன் முகத்தைப் பார்த்தபோது, "ஊர் சொன்னா சரிதான்" என்றார். சீட்டை அம்மன் காலடியில் வைத்துக் குலுக்கினார்கள். பச்சைமுத்து கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். வந்தது பூவரசன் பேர்.

பூவரசன் வைகாசியில் கல்யாணமான பையன். கல்யாணமானதால்தான் பாட்டுக்கே வந்தவன். அவன் வாழ்க்கையில் விழுந்த முதல் சீட்டு அது. இறால் கிடைக்கும் என்று பார்த்தால் ராஜ்யம் கிடைத்துவிட்டது. நாலு பேர் முன்னால் தும்முவதற்கே கூச்சப்படுகிறவன் அவன். கம்பணன் வேஷத்துக்கு மாலை கிடையாது என்பதால் அதற்கு யாரும் பாடு கேட்கவில்லை. அது பச்சைமுத்து தலையிலேயே இருந்தது.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இந்த ஆடியாவது வீட்டில் ஒரு மனுஷனோடு குடித்தனம் பண்ணலாம் என்று நினைத்தேன். ஆடி பிறந்தது. தேவியும் இல்லை, அந்தப்புரமும் இல்லை. சாயங்காலம் வலையைத் தூக்கிக்கொண்டு போவார், விடிந்ததும் வருவார், சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். ஒருநாள் மடவை மீன் குழம்பு வைத்துப் போட்டேன்.

"கொழம்பு நல்லாருக்கு" என்றார்.

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஆடி மாசத்தில் என் குழம்பை அவர் இப்படி வெறும் வாயால் பாராட்டியதே கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டு திரும்பி நின்றேன். எங்கள் வீட்டில் இருப்பதோ கேஸ் அடுப்பு.

அன்றைக்கே தலைவர் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போட்டேன். "அந்தாளு ஒடம்பு எளச்சுப் போச்சு தலைவரே. ராஜாவைக் குடுத்துடுங்க. மாலைய வேணா பச்சமுத்து அண்ணன் போட்டுக்கட்டும், பரிவட்டத்த நீங்க கட்டிக்கோங்க."

"தாயி, நீ கேக்கறது புரியுது" என்றார் தனக்கோடி. "ஆனா பாட்டு மேல கை வெக்க முடியாது. உனக்காவ இத மாத்தினா, நாளைக்கு எறால் பாட்டையும் மாத்துன்னு எவனாவது வருவான். ஏரில ரத்தம் ஓடும். ஒண்ணு பண்றேன். வாயில்காவலன் வேசம் காலியா இருக்கு. அத நீலமேகத்துக்குக் குடுக்கறேன்."

வாயில்காவலனுக்கு ஒரே ஒரு வரிதான். 'மன்னா, குமார கம்பணன் படையோடு வருகிறான்!' இதைச் சொல்லிவிட்டு ஓரமாக ஈட்டியோடு நிற்க வேண்டும். மூன்று தலைமுறை ராஜாவுக்கு இந்த வேஷமா என்று எனக்கு வயிறு எரிந்தது. அவர் என்னவோ மறுக்கவில்லை. மேடைமேல் நிற்க ஒரு இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. வலை பிரிக்கும்போதுகூட அந்த ஒரு வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

திருவிழா அன்று முதல் மாலை பூவரசன் கழுத்தில் விழுந்தது. பந்தலில் முதல் வரிசையில் அவன் மாமியார் ஹேமாவதி உட்கார்ந்திருந்தாள். எளாவூர்க்காரி, வீட்டில் பேசினால் அந்த ஊர் எல்லைச் சோதனைச்சாவடிவரை குரல் கேட்கும். ஆடி என்பதால் புதுப்பெண் சுபஸ்ரீயைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். மாப்பிள்ளை ராஜா என்று கேள்விப்பட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு, சொந்தக்காரர்களையும் ஒரு வேன் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். மாப்பிள்ளை மாலையும் கிரீடமுமாக வந்ததும் அவள் பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் இடித்து இடித்துக் காட்டினாள். இந்த நாடகத்தில் ராஜா கடைசியில் என்ன ஆவான் என்பதை மட்டும் பூவரசன் அவளிடம் சொல்லவில்லை.

எழுச்சி ஒரு வழியாக முடிந்தது. பூவரசன் பாதி வசனத்தை விழுங்கினான், மீதியைத் தரையைப் பார்த்துச் சொன்னான். சேலை போர்த்திய பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால், முடிவெட்டக் காத்திருக்கிறவன் மாதிரி இருந்தது.

வாயில்காவலன் வந்தான். என் புருஷன் ஈட்டியை ஊன்றி, மார்பை நிமிர்த்தி, சபையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"மன்னா! குமார கம்பணன்... படையோடு வருகிறான்!"

பந்தலே அதிர்ந்தது. வடைக்கடைக்காரர்கூடக் கரண்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். சிங்காசனத்தில் இருந்த பூவரசன் பயபக்தியோடு எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான். ராஜா தான்தான் என்பது அவனுக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

பச்சைமுத்து தன் படையோடு வந்தார். படை என்பது தோணி தள்ளுகிற கழியைப் பிடித்த வாலிபால் டீம். "சம்புவராயா! உன் வம்சத்தின் அந்திமம் வந்துவிட்டது! அரியணையை விட்டு இறங்கு!" என்று கர்ஜித்துக் கத்தியை வீசினார். பூவரசன் விழ வேண்டும். விழவில்லை. அவர் மறுபடியும் வீசினார். பூவரசன் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"வுழுடா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் பச்சைமுத்து.

"முடியாது மாமா. மாமியார் பாக்கறாங்க."

கிசுகிசுப்பாகத்தான் சொன்னான். ஆனால் தலைக்கு மேலே மைக் தொங்கிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. ஹேமாவதி எழுந்துவிட்டாள்.

"இன்னாது, எம் மாப்ள சாவணுமா? தாலி கட்டி முழுசா மூணு மாசம் ஆவல! பொண்ணு எதிர்ல குந்தினு இருக்கா! ஆடி மாசத்துல மாலையப் போட்டுச் சாவடிக்கறீங்களே, நீங்கல்லாம் மனுசங்களா? மாப்ள, கீழ வுழுந்தே, எம் பொண்ணு எளாவூர்லயே இருந்துருவா, சொல்லிட்டேன்!"

சுபஸ்ரீ முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். பூவரசன் ஒரு பக்கம் கம்பணனையும் ஒரு பக்கம் மாமியாரையும் பார்த்தான். எந்தப் படை பெரிசு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பயம் முற்றினால் சிலருக்குப் புத்தி வேலை செய்யும். அவனுக்கும் அன்றைக்கு வேலை செய்தது.

"நான் எதுக்கு எறங்கணும்?" என்றான் சத்தமாக. "இது எனக்கு வந்த பாடு. நாளைக்குச் சூரியன் வர்ற வரைக்கும் என்னை எவன் எறக்குவான்?"

அவன் சொன்னது சட்டம். எல்லாரும் தனக்கோடியைப் பார்த்தார்கள். தனக்கோடி தன் துண்டைப் பார்த்தார்.

"டேய், நான் கம்பணன்டா! விஜயநகரத்துலேந்து வந்திருக்கேன்!" என்றார் பச்சைமுத்து. ஒட்டு மீசை வேர்வையில் கழன்று ஒரு பக்கம் தொங்கியது.

"அதான் நானும் சொல்றேன். வெளியூர்க்காரனுக்கு நம்ம பாட்டுல இன்னா வேல?"

விசில் பறந்தது. வாலிபால் டீமே கம்பணனை விட்டுவிட்டு ராஜா பக்கம் போய் நின்றுகொண்டது. சரித்திரத்தில் விஜயநகரம் எத்தனையோ ஊரைப் பிடித்திருக்கும். எங்கள் ஊர்ப் பாட்டுச் சீட்டில் மட்டும் அதற்குப் பேர் இல்லை.

இந்த ஆனந்தம் பூசாரி எழுந்து தொண்டையைக் கனைக்கும்வரை இருந்தது. ராஜா விழாமல் கற்பூரம் இல்லை, கற்பூரம் இல்லாமல் காப்பு அவிழாது என்றார். முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இறால் ஓடுகிற நேரம். விசில் அடித்தவர்களே, "சாவேன்டா, பொழப்பக் கெடுக்காத" என்று கத்த ஆரம்பித்தார்கள். ஹேமாவதி திரும்பி ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் கொடுத்தாள்.

தனக்கோடி மேடைக்குப் பக்கத்தில் வந்தார். "பூவரசா, உன்னை எறக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா நீயா மனசு வந்து யாருக்காவது பாட்டக் குடுத்தா, அத ஊர் ஒத்துக்கும்."

பூவரசன் நிம்மதியாக மூச்சு விட்டான். கிரீடத்தைக் கழற்றி, நேராக வாயில்காவலனிடம் போனான். "மாமா, மிச்சப் பாட்ட நீ எடுத்துக்கோ."

ஊரே "ஆங், அதான் சரி!" என்றது. எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. கேட்ட வரம் வாசலுக்கே வந்துவிட்டது. அப்போதுதான் ஹேமாவதி வாயைத் திறந்தாள்.

"ஆமா, அவரு சாவட்டும். அவருக்கென்ன, பழக்கந்தானே!"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"ஏம்மா, உம் பொண்ணு கழுத்துல இருக்கறதுதான் தாலி, எங் கழுத்துல தொங்கறது இன்னா தூண்டிக் கயிறா? இருபது வருசமா எம் புருசன் இந்த மேடையில வெட்டுப்பட்டுச் சாவறாரு. வந்தவங்க எல்லாரும் பாத்துட்டு, அருமையாச் செத்தாருன்னு எங்கிட்டயே சொல்லிட்டுப் போனீங்க. ஒருத்தராவது, ஒருத்தராவது, உனக்கு எப்படிம்மா இருக்குன்னு கேட்டீங்களா?"

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை.

"நான் பாத்ததே இல்ல, தெரியுமா? கத்தி ஓங்குனதும் பந்தலுக்குப் பின்னாடி போயி காதப் பொத்திக்குவேன். கூட்டம் கை தட்டுனாத்தான் திரும்பி வருவேன். நாடகம்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் எனக்குப் பயமா இருக்கும்."

இதை என் புருஷனிடம்கூட நான் சொன்னதில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்திருந்தார். இன்னும் போட்டுக்கொள்ளவில்லை.

"மனோரமா, நீ சொல்லு" என்றார். "வேணாம்னா வேணாம். வுழட்டா?"

நான் வேண்டாம் என்று சொன்னால் அவர் அந்தக் கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இறாலும் போகும், காப்பும் கிடக்கும், ஊரே ஏசும். எதையும் யோசிக்காமல் கொடுத்துவிடுவார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. இந்த மனுஷனை நான் எவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறேன் என்று அந்த இடத்தில், அத்தனை பேர் நடுவில், எனக்குத் தெரிந்தது.

"வுழுய்யா" என்றேன். "ஆனா ரொம்ப நேரம் கெடக்காத."

அவர் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, ஈட்டியைக் கொடுத்துவிட்டுப் பூவரசனின் வாளை வாங்கிக்கொண்டார். பச்சைமுத்து மீசையை எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டார். படை திரும்பவும் கட்சி மாறியது. நான் இந்தத் தடவை பந்தலுக்குப் பின்னால் போகவில்லை. ஹேமாவதி பக்கத்தில் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவளும் பிடிக்க விட்டாள்.

கத்தி வீச்சு விழுந்தது. அவர் உடனே விழவில்லை. முதலில் கையிலிருந்த வாள் நழுவியது. அப்புறம் ஒரு முழங்கால் மடங்கியது. நாற்காலியைப் பிடிக்கக் கை நீட்டினார், அது வழுக்கிக்கொண்டு போனது. அப்போது தலையைத் தூக்கிப் பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டே வந்த அந்தப் பார்வை, என் முகத்தில் வந்து நின்றது. இந்தப் பார்வைக்குத்தான் ஊர்ப் பெண்கள் வருஷா வருஷம் அழுதிருக்கிறார்கள். அது யாரைத் தேடித் தேடிக் காணாமல் மூடிக்கொண்டது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தத் தடவை அந்த முகம் சிரித்தது. சம்புவராயர் வம்சத்தின் கடைசி ராஜா, வாயெல்லாம் பல்லாக விழுந்தார்.

பச்சைமுத்து அவர்மேல் ஒரு காலை வைத்த மாதிரி பாவனை செய்து வெற்றி முழக்கத்தை ஆரம்பித்தார். அது நீளமான முழக்கம். துங்கபத்திரையில் தொடங்கி ஒவ்வொரு ஆறாகத் தாண்டி வர வேண்டும். அவர் பாலாற்றுக்கு வருவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை.

"போதும், எழுந்திரு!" என்று கத்தினேன்.

செத்த ராஜா கண்ணைத் திறக்காமலே, "இருடி, அவன் பேசி முடிக்கட்டும்" என்றார். மைக் அதையும் ஊருக்குச் சொல்லிவிட்டது. பந்தல் குலுங்கிச் சிரித்தது. பச்சைமுத்துவும் முழக்கத்தைப் பாதி ஆற்றில் விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹேமாவதி சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். பூசாரி இதுதான் சமயம் என்று கற்பூரத்தை ஏற்றினார், இளவட்டங்கள் வலையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து கிரீடத்தைக் கழற்றும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.